தப்பிப் பிழைத்த உடலும் அமானிதமே

 

நம் இல்லங்களில் எவரும் வாய்விட்டுப் பேச விரும்பாத ஒன்றைப் பற்றி இம்முறை எழுத முற்படுகிறேன். ஏதோ ஒரு வேதனையின் உச்சத்தில் மாத்திரைகளை அளவு மீறி விழுங்கிவிட்ட மகளோ மகனோ மருமகளோ மருத்துவமனையில் கண் விழித்து, அல்லாஹ்வின் அருளால் வீடு திரும்பிவிடுகின்றார். உடனே வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. "வயிறு சரியில்லை, குளுக்கோஸ் ஏற்றினார்கள்" என்று அக்கம்பக்கத்தாருக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. நான்கு நாள் சென்றதும், நடந்தது எதுவும் நடவாதது போல அடுப்படி வேலையும் பள்ளிக்கூடமும் தொடங்கிவிடுகின்றன. ஆனால் அவருடைய உடலில் என்ன நிகழ்ந்தது, இனி என்ன நிகழக்கூடும், மீண்டும் எப்போது யாரிடம் காட்ட வேண்டும் என்பவற்றை அவரிடம் எவரும் சொல்வதில்லை. வீட்டாருக்கும் அது தெரிவதில்லை.

தன்னுயிரை மாய்த்துக்கொள்ளுதல் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை அறியாத முஸ்லிம் வீடு கிடையாது. ஆகவே அதனை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம் என்று பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிழைத்து வந்தவரின் உடலும் அதே அமானிதம்தான். அதைப் பேணும் கடமையிலிருந்து நமக்கு விலக்கு எதுவும் வந்துவிடவில்லை. கல்லூரியில் வரலாறு பயின்று, பின்னர் பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருபவள் நான், மருத்துவர் அல்லள். எனினும் இத்தகைய தாய்மார்கள் சிலருடன் மருத்துவமனைப் படி ஏறி இறங்கியவள் என்பதாலும், அங்கே மருத்துவர்களிடம் கேட்டறிந்தவை பல குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதாலும் எழுதுகிறேன்.

ஒரு மாணவியின் கேள்வி

வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த ஒரு மாலையில், 17 வயது மாணவி ஒருத்தி என்னருகே வந்து நின்றாள். அவள் மருத்துவமனையில் இருந்து திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. "உஸ்தாபி, என் ஈரல் அழுகிப் போயிருக்குமா? ராத்திரியெல்லாம் வயித்துல கை வச்சு வச்சுப் பாக்குறேன். உம்மாகிட்ட கேட்டா, 'முழுங்கும்போது தெரியலையா'ன்னு கேக்குறாங்க" என்றாள்.

அந்தத் தாயை நான் குறை கூறவில்லை. பத்து நாள் உறங்காத தாயின் வாயில் எதுவும் வந்துவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லால் பிள்ளை அதன் பின்பு வீட்டில் எதையுமே கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மறு பரிசோதனைக்கு வருமாறு மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த நாளும் கடந்து போயிருந்தது. கேட்கத் துணியாதவள் "என்னை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்" என்று எப்படிக் கூறுவாள்?

தன் ஈரலைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளை, தான் வாழப்போகும் நாட்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இக்கேள்விக்கு மதிப்பளித்து அமர்ந்து பதில் சொல்லுங்கள். அதே வேளையில், இதனைக் கொண்டு ஆபத்து முற்றும் நீங்கிவிட்டது என முடிவு கட்டிவிடாதீர்கள். மருத்துவமனையை விட்டு வந்த முதல் சில வாரங்களே இத்தகையோருக்கு மிகுந்த கவனம் தேவைப்படும் காலம் என்பது மருத்துவ உலகில் நிலைபெற்ற உண்மை.

கல்லீரல் கெட்டுவிடுமா?

நம் வீடுகளில் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பாராசிட்டமால் மாத்திரை. குரோசின், கால்பால், டோலோ எனப் பெயர்கள் பலவாயினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றே. மருத்துவர் சொன்ன அளவோடு உட்கொண்டால் நல்ல மருந்து. அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும் மருந்து. இம்மருந்தைக் கல்லீரல் சிதைக்கும்போது நச்சுப் பொருள் ஒன்று சிறிதளவு உண்டாகிறது. குளூட்டாதயோன் என்னும் காவற்பொருள் கல்லீரலில் இருந்து அதனை உடனுக்குடன் அழித்துவிடுகிறது. அளவு மிகும்போது காவற்பொருள் தீர்ந்துபோகிறது. அழிப்பாரற்ற நஞ்சு கல்லீரலின் உயிரணுக்களைத் தாக்குகிறது. மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து, தீர்ந்துபோன அந்தக் காவற்பொருளை மீண்டும் நிரப்பிவிடுகிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் இதனைத் தொடங்கினால் பலன் மிகச் சிறப்பாக இருக்கும். தாமதமானாலும் கொடுப்பதில் பயன் உண்டு.

இந்த மருந்தின் வஞ்சகம் ஒன்று உண்டு. முதல் நாள் அநேகமாக ஒன்றும் தெரிவதில்லை. ஒரு குமட்டல், ஓரிரு வாந்தி, அவ்வளவே. பிள்ளை எழுந்து அமர்ந்து தேநீர் கேட்கும். கல்லீரலின் பாதிப்பு வெளிப்படுவதோ இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். இதனை அறியாத உறவினர்கள், "நன்றாகத்தான் இருக்கிறாள், ஊரார் வருமுன் அழைத்துப் போய்விடுவோம்" என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அழைத்து வந்துவிடுகின்றனர். இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அப்படி அழைத்து வந்தவர்கள் எவரேனும் இதனைப் படித்துக்கொண்டிருந்தால், பக்கத்தை மூடி வைத்துவிட்டு இப்போதே மருத்துவமனைக்குத் திரும்பிச் செல்லுங்கள். விழுங்கியது சிறிதளவே என்று பிள்ளை சொன்னாலும், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் இரத்தம் பார்த்தே தீர வேண்டும்.

சிகிச்சை முடித்து, இரத்தப் பரிசோதனையில் எண்கள் இறங்கத் தொடங்கிய பின் மருத்துவரே அனுப்பி வைத்த பிள்ளை என்றால், செய்தி மகிழ்ச்சிக்குரியது. நம் உள்ளுறுப்புகளில் சேதமடைந்த பகுதியைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் கல்லீரலைப் போல் வேறெதற்கும் இல்லை. பாராசிட்டமாலால் ஒரு முறை தாக்குண்டு மீண்ட கல்லீரல், பெரும்பாலும் வடுவின்றி முழுமையாகக் குணமாகிவிடுகிறது. மதுவால் ஆண்டுக்கணக்கில் சுருங்கிப்போகும் ஈரலின் கதை வேறு, இது வேறு. "அழுகிப் போய்விட்டது" என்பதெல்லாம் பக்கத்து வீட்டாரின் மருத்துவம்.

பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்.ஜி.பி.டி. எண்ணை நாள்தோறும் கணக்குப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த எண் இயல்பு நிலைக்கு வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். மருத்துவர் உற்றுப் பார்ப்பது ஓர் எண்ணை மட்டும் அன்று. இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய யாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார். எந்த நாளில் மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். எழுதியிராவிட்டால் புறப்படுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் சொல்லாத நாளில் அச்சத்தினால் வேறு லேபுக்கு ஓடுவதும் வேண்டியதில்லை.

வேறு மாத்திரைகள் என்றால் கவனிக்க வேண்டியவையும் வேறு. இரத்த அழுத்தம், இருதயம், மனநோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் சிலவற்றுக்குப் பின் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பர், அது இயல்பாகிவிட்டதா என்று கேட்டு வாருங்கள். உறக்க மாத்திரையால் நெடுநேரம் மயக்கத்தில் கிடந்தவருக்கு எச்சிலோ வாந்தியோ நுரையீரலுக்குள் இறங்கியிருக்கக்கூடும். வீடு வந்தபின் காய்ச்சல், சளியுடன் இருமல், மூச்சு வாங்குதல் ஆகியவை தோன்றினால் சாதாரணச் சளி என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தவருக்குக் கை கால் மரத்துப் போதலும் தசை வலியும் உண்டாகலாம். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்துக்குச் சுமையாவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

இவ்வளவு கடுமையில்லாத, ஆனால் பிள்ளையைப் பயமுறுத்தும் சில உண்டு. நஞ்சை உறிஞ்சுவதற்காக மருத்துவமனையில் கரித்தூளைக் கரைத்துக் கொடுத்திருந்தால் ஓரிரு நாள் மலம் கறுப்பாகப் போகும். அது கரியின் நிறம். அதற்குப் பின்னும் தார் போலக் கறுத்துப் போனால்தான் இரத்தக் கசிவோ என்று காட்ட வேண்டும். தொண்டையில் குழாய் செலுத்தியதால் சில நாள் குரல் கம்மியிருக்கும், விழுங்க நோகும். ஊசி ஏற்றிய கை வீங்கி வலிக்கலாம். உடல் அசதி வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. "நடிக்கிறாள்" என்று அதனைச் சொல்லிவிடாதீர்கள்.

தாமதியாது செல்ல வேண்டிய அடையாளங்கள் இவை: கண்ணும் தோலும் மஞ்சளாதல், நிற்காத வாந்தி, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, சிறுநீர் மிகவும் குறைந்துபோதல், பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், பேச்சு குழறுதல், பகலெல்லாம் எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு. இவற்றில் ஒன்று கண்டாலும் 108 வாகனத்தை அழையுங்கள். நள்ளிரவு என்று தயங்க வேண்டாம்.

கீழாநெல்லியும் நோன்பும்

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைப்பது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கம். ஈரலுக்கு நல்லது என்று விற்கப்படும் டானிக்குகளும் பல. காயமுற்று ஆறிக்கொண்டிருக்கும் கல்லீரலுக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத எதையும் அனுப்பாதிருத்தலே அதற்குச் செய்யும் உபகாரம். இதைச் சொன்னால் எங்கள் தெருப் பெரியம்மாக்கள் என்னிடம் கோபித்துக்கொள்வர், இருக்கட்டும். மருத்துவரிடம் கேட்ட பின்பு கொடுங்கள் என்றே அவர்களிடம் சொல்லி வருகிறேன்.

குணமாகி வரும் நாட்களில் காய்ச்சலோ தலைவலியோ வந்தால், கடையில் நாமாக மாத்திரை வாங்கிக் கொடுக்கலாகாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. முன்பிருந்தே சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ வலிப்புக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து உண்டு வந்தவர் என்றால், "எல்லா மாத்திரையும் இனி நிறுத்து" என்று வீட்டார் தாமாக முடிவு செய்வதும் பிழை. சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது புதிய தீங்கைக் கொண்டுவரும். எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

ரமலான் நெருங்கும் காலமானால் பிழைத்து வந்தவரே நோன்பு நோற்கத் துடிப்பதுண்டு. தவ்பாவின் ஆர்வம் அது, நல்லதுதான். ஆயினும் நோயாளிக்கு நோன்பைப் பிந்திய நாட்களில் களாச் செய்யும் சலுகையை இறைமறையே அளித்திருக்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் இயல்புக்கு வந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும் வரை அச்சலுகையைப் பயன்படுத்திக்கொள்வதில் குறையேதும் இல்லை. "செய்த பாவத்துக்கு நோன்பாவது பிடி" என்று வற்புறுத்தும் உறவினரைச் சற்றே தள்ளி நிறுத்துங்கள்.

போலீஸ் வருமா?

பாதிக் குடும்பங்களை மருத்துவமனையிலிருந்து விரட்டுவது நோயன்று, இந்த அச்சம். மருத்துவரிடமே "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மறைத்துவிடுகின்றனர். எந்த மாத்திரை, எந்த நேரத்தில் என்பதை அறியாத மருத்துவர் எந்த மாற்று மருந்தைக் கொடுப்பார்? காலி அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று உண்மையைச் சொல்வதே சிகிச்சையின் முதற்படி.

சட்டத்தின் நிலையை அறிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவரை வழக்கில் நிறுத்தித் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதன் 115ஆவது பிரிவு கூறுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவோ, 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். ஒரு காவலர் வந்து நடந்ததைக் கேட்டு எழுதிச் செல்லலாம். அதற்காக அஞ்சிப் பாதிச் சிகிச்சையில் ஓட வேண்டிய காலம் போய்விட்டது. புகுந்த வீட்டுக் கொடுமை காரணமாயிருந்தால் அந்த விசாரணை அப்பெண்ணுக்குப் பாதுகாப்பும் ஆகும். உடல் தேறியதும் அதே வீட்டுக்கு அப்படியே திருப்பியனுப்பி, "சபூர் செய்" என்று சொல்லி முடித்துக்கொள்ளும் பெற்றோரை என்னால் ஏற்க முடியவில்லை. பெண்களுக்கான 181, சிறாருக்கான 1098 ஆகிய எண்கள் இத்தகைய வேளைக்கே உள்ளன.

மனநல மருத்துவரிடம் காட்டுவதும் தொடர் சிகிச்சையின் பகுதியே. உடலைக் காப்பாற்றிய மருத்துவர் "சைக்யாட்ரி ஓ.பி.யில் காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுப்பார், நம்மவர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவர். 1794ஆம் ஆண்டிலிருந்து நோயாளிகளைப் பேணி வரும் ஒரு மருத்துவமனை இருக்கும் இடம் என்பதால் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே ஏசும் சொல்லாக்கிக்கொண்ட மக்கள் நாம். அந்தச் சீட்டுக்கு இத்தனை அச்சம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்த பின்னும் பிள்ளை வயிற்றில் கை வைத்துக்கொண்டே விழித்திருக்குமானால், அந்தக் கவலைக்கு மருந்து இரத்தப் பரிசோதனையில் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்பிரிவு உண்டு. வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

தனியே வந்து என் காதருகில் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இன்னொன்று: "நாளைக்கு நிக்காஹ் ஆனால் பிள்ளை தரிக்குமா?" கல்லீரல் முழுதும் தேறிய பெண்ணுக்கு இதனால் பிள்ளைப்பேறு தடைபடும் என்று அஞ்சுவதற்குக் காரணமில்லை என்றே நான் கேட்ட மருத்துவர்கள் கூறினர். மாத்திரை விழுங்கிய வேளையில் கருவுற்றிருந்தாலோ, அவ்வாறு ஐயம் இருந்தாலோ அதனை மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டு அலமாரி

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு, கடையில் ஒருவருக்கு ஒரு வேளையில் விற்கும் பாராசிட்டமால் அட்டையின் அளவைச் சட்டத்தால் குறைத்தனர். அதன் பின்வந்த ஆண்டுகளில் அம்மருந்தால் நேர்ந்த மரணங்கள் குறைந்தன. காரணம் எளியது. அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்பது. அந்நேரத்தில் கையருகே பொருள் இல்லாவிட்டால் வேகம் கடந்துபோய்விடுகிறது. ஆகவே வீட்டிலுள்ள பழைய மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். வாப்பும்மாவின் இரத்த அழுத்த மாத்திரை உட்பட எல்லாம் பூட்டிய பெட்டியில், சாவி ஒருவர் கையில் இருக்கட்டும். பிள்ளைக்குரிய மருந்தையும் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வேளைக்கு வேளை நீங்களே கொடுங்கள். வயல் மருந்து வைத்திருப்போர் அதனை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். கைதியைக் காவல் காப்பது போன்ற முகத்தோடு இதனைச் செய்யாதீர்கள். "கொஞ்ச நாளைக்கு இது என்கிட்ட இருக்கட்டும்மா" என்றால் போதும்.

நலம் விசாரித்தல்

நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ஆனால் இந்த நோயாளிக்கு மட்டும் நாம் அதனைச் செய்வதில்லை. ஒன்று, எவரையும் உள்ளே விடுவதில்லை. அல்லது வந்தவர்கள் நரகத்தைப் பற்றி உரை நிகழ்த்திவிட்டுப் போகின்றனர். துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஒருவர், நோயின் வேதனை பொறாமல் தம் கைகளுக்குத் தாமே தீங்கிழைத்து இறந்துபோன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவர் நல்ல நிலையில் இருக்கக் கண்டும், கைகள் மட்டும் மூடப்பட்டிருக்கக் கண்டும் துஃபைல் (ரலி) கனவை எடுத்துரைத்தபோது, அந்தக் கைகளுக்காகவும் மன்னிப்பு வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். செய்த தவறு தவறாகவே காட்டப்பட்டது. அதற்காகக் கையேந்தவும் பட்டது. இறந்துபோனவருக்கே இவ்வளவு இரக்கம் என்றால், உயிரோடு நம்முன் கட்டிலில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் நாவை அடக்கிக்கொள்வது கடினமா?

இந்த நலம் விசாரித்தலின் பயனை மருத்துவ ஆய்வொன்று எடுத்துக் காட்டியிருக்கிறது. 1986இல் சென்னையில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்களும் பங்குகொண்ட அந்த ஆய்வை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தியது. சென்னை, கொழும்பு, ஈரானின் கராஜ், பிரேசிலின் கம்பினாஸ், சீனாவின் யுன்செங் ஆகிய ஊர்களில், உயிர் தப்பி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு சாராருக்கு அதனுடன், புறப்படும் வேளையில் ஒரு மணி நேரம் தனியே அமர்ந்து பேச்சு. பின்னர் ஒன்றரை ஆண்டுக்குள் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பு. 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள். பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். ஒன்றரை ஆண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டிருந்தனர். தொடர்பில் இருந்தவர்களில் அது 0.2 விழுக்காடே. 2008இல் வெளியான இம்முடிவைப் படித்தபோது, விலையுயர்ந்த கருவி ஏதும் அதில் இல்லையே என்று வியந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று உரிய நாளில் ஒருவர் கேட்டார், அவ்வளவே.

அங்கே பேசியவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்கள். உறவினரின் பேச்சு அதற்கு ஈடாகாது. மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிட்டு இதைச் செய்யவும் கூடாது. ஆனால் மருத்துவரிடம் செல்லும் நாளுக்கிடையே வீட்டார் இதே ஒழுங்கை மேற்கொள்ளத் தடையேது? முதல் வாரம் பெரிய லாத்தா வரட்டும். இரண்டாம் வாரம் வளைகுடாவில் இருக்கும் வாப்பா பேசட்டும். அவரிடமிருந்து மறைத்து வைப்பதால் தாயின் தலையில் சுமை இரட்டிப்பாகிறதே தவிர வேறு பயன் இல்லை. பேசும்போது முதலில் உடம்பைக் கேளுங்கள்: உறக்கம் வந்ததா, பசித்ததா, தொண்டை வலி போயிற்றா, அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில், கூட வர ஆள் உண்டா. உடம்பைப் பற்றிக் கேட்கும்போது தயங்காமல் பதில் வரும். பின்பு சற்றுப் பொறுத்து, "மறுபடியும் அப்படித் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காதிருந்தால்தான் சொல்ல இடமற்றுப் போகும். ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், 14416க்கும் அழையுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அந்த ஒன்பது நாட்களையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒருவர் பெயரை எழுதிவிடுங்கள். முதல் நான்கைந்து நாட்களுக்குப் பெயர்கள் எளிதாகக் கிடைத்துவிடும். பன்னிரண்டாம் மாதத்துக்கும் பதினெட்டாம் மாதத்துக்கும் எழுதப் போகும்போதுதான், "அதற்குள் எல்லாம் மறந்து போயிருக்குமே" என்று யாராவது சொல்வார். அப்படிச் சொன்னவர் பெயரையே அந்த இரண்டு நாட்களுக்கும் எழுதுங்கள்.